வாயில்லா உயிர்களுக்கு ஒரு நிவந்தம்

பழனி மலைத்தொடரின் வடபால் அடிவாரத்தில், பழனி நகருக்கு மேற்கே தனித்து நிற்கும் குன்று ஐவர்மலை. பாண்டவர் ஐவர் தங்கியதால் இப்பெயர் பெற்றது என ஊரார் கூறுவர். அதன் பழம்பெயர் அயிரைமலை என்பது அறிஞர் கருத்து. குன்றின் இயற்கையான குகைத்தளத்திற்கு மேல் பாறை முகப்பில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று உள்ளது. சக ஆண்டு 792 எனத் தெளிவாகக் குறிப்பதால், அது கி.பி. 870 ஆகிறது. பாண்டியர் காலவரிசையை நிறுவ வரலாற்றாசிரியர்களுக்குக் கைகொடுத்த கல்வெட்டு இது.

குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, அவற்றின் வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன்னை முதலாக வைத்தார் என்பது அக்கல்வெட்டின் செய்தி. நாள்தோறும் படைக்கும் அவி முட்டக்கூடாது, துறவிக்கு ஒரு வேளைச் சோறும் தவறக்கூடாது என்ற கவலையே அந்த ஏற்பாட்டுக்குக் காரணம். கண்ணெதிரே பசித்தவர்க்கு ஒரு நாள் சோறிடுவது இரக்கம். தாம் மறைந்த பின்னரும் அச்சோறு நிற்காதிருக்க வழி செய்வது நிவந்தம். இன்று அறக்கட்டளை என வழங்கும் அமைப்பின் உயிர்நாடி ஐவர்மலைப் பாறையிலேயே பொறிக்கப்பட்டுவிட்டது.

அக்குன்றிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலைகளின் உச்சியில் கொடைக்கானல் இருக்கிறது. அங்கும், பழனி அடிவாரத்திலும், தமிழகத்தின் ஒவ்வொரு தெருவிலும் உடைமையாளர் இல்லாத நாய்கள் வாழ்கின்றன. அவற்றுக்கு நிவந்தம் வைத்தவர் யார்? அவ்வறம் இந்நாட்டில் எப்படித் தொடங்கியது? கடல் கடந்து வந்து அதனைச் செய்தவர்கள் எதைக் கற்றார்கள், எதைக் கற்பித்தார்கள்? சமண அறத்தை வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

காவியங்களில் நாய்

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில், சோற்றைத் தீண்டியதற்காக அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறது ஒரு நாய். சீவகன் அதனைக் காண்கிறான். பிழைக்க வைக்க வழியில்லை என்று அறிந்ததும் அவன் விலகிப் போகவில்லை. அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் இயக்கர் கோமானாகிய சுதஞ்சணனாகப் பிறந்து, நன்றி மறவாது வந்து, கட்டியங்காரனின் கொலைத் தண்டனையிலிருந்து சீவகனைக் காக்கிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றில், கதைத்தலைவனின் உயிரையே காக்கும் நண்பனாக ஒரு தெருநாயின் உயிர் அமைந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

யசோதர காவியமோ மறுபுறத்தைக் காட்டுகிறது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட பாவத்தால் அரசன் மயிலாகவும் அவன் தாய் நாயாகவும் பிறக்கின்றனர். தாயாகிய நாயே மகனாகிய மயிலைக் கொல்கிறது. வாசலில் வந்து நிற்கும் விலங்கு எந்தப் பிறவியின் எந்த உறவோ என்ற நடுக்கத்தை அக்கதை கேட்போர் உள்ளத்தில் விதைக்கிறது. சமணத் தமிழ் இலக்கியம் நாயை இழிவின் உவமையாக மட்டும் கண்டதில்லை. பிறவிச் சுழலில் உடன்வரும் ஓர் உயிராகவே கண்டது.

பம்பாயில் எழுந்த எதிர்ப்பு

உயிர்களுக்கு மருத்துவம் என்பதும் இந்நாட்டிற்குப் புதிதன்று. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறுமிடத்தில் சோழ, பாண்டிய நாடுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மேற்கிந்தியாவில் வணிகப் பெருமக்கள் பிஞ்சராப்போல் என்னும் காப்பகங்களை நெடுங்காலமாக நடத்தி வந்தனர். சமண வணிகர் தம் வாணிகச் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட சிறு மகமையே அவற்றின் வருவாய்.

தெருநாய்களை ஒட்டிய முதற்பெரும் மோதல் 1832 சூன் மாதத்தில் பம்பாயில் நிகழ்ந்தது. கோடைக்காலத்தில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கில அரசு உத்தரவிட்டிருந்தது. வீடுகளுக்குள் புகுந்தும் நாய்கள் பிடிக்கப்பட்டதால் பார்சி மக்கள் கொதித்தெழுந்தனர். அவர்தம் சமயத்தில் நாய் புனித உயிர். இந்துக்களும் சமணர்களும் அவர்களோடு சேரவே கடைகள் மூடப்பட்டு நகரம் நிலைகுலைந்தது. கலவரம் அடங்கிய பின் எஞ்சிய வினா ஒன்றே: கொல்ல வேண்டாம் என்றால் இந்நாய்களை யார் பேணுவது? சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமீசந்த் ஷாவும் 1834 அக்டோபரில் தொடங்கிய பம்பாய் பிஞ்சராப்போல் அதற்கு விடையாயிற்று. எதிர்ப்போடு நில்லாமல் பொறுப்பையும் ஏற்றது அத்தலைமுறையின் பெருமை.

இலண்டனில் மேரி டீல்பி என்னும் பெண்மணி வீடற்ற நாய்களுக்கு ஹாலோவே பகுதியில் ஓர் இல்லம் தொடங்கியது 1860-இல்தான். 1871-இல் பேட்டர்சீக்கு மாறிய அவ்வில்லம் இன்றும் உலகப் புகழோடு நடக்கிறது. வீடற்ற நாய்க்கு அறம் செய்யும் எண்ணம் மேலை நாட்டிலிருந்து வந்ததென்பார் இவ்விரு ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

அச்சத்தின் நியாயம்

நாயைக் கொல்ல ஆணையிட்டோர் அனைவரும் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் அஞ்சியது வெறிநாய்க்கடியை. நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தவர் மிக அரியர். 1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தி வெற்றி கண்டார். இந்தியாவில் 1900-இல் இமயமலை அடுக்கிலுள்ள கசௌலியில் முதல் பாஸ்டர் நிலையம் அமைந்தது. தென்னாட்டார் கடிபட்டால் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும். நீலகிரியில் லில்லி என்னும் ஆங்கிலேய இளம்பெண் 1902-இல் இந்நோயால் உயிரிழந்தாள். அத்துயரத்தின் பின் எழுந்த முயற்சியால், ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர்ந்து, 1907-இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. மலைநகர் ஒன்றில், கடல் கடந்து வந்த பொருளுதவியால், நாய்க்கடிக்காக எழுந்த அறநிலையம் அது.

இன்றும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பங்கினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஏழைகள், குழந்தைகள் பலர். ஆகவே, நாய்க்கு இரங்குதல் ஒருபுறம், குழந்தையைக் காத்தல் மறுபுறம் என்ற தராசாகவே இச்சிக்கல் நெடுங்காலம் நிறுத்துப் பார்க்கப்பட்டது. இரண்டு தட்டும் ஒன்றாக உயரும் வழி உண்டு என்பதைக் கண்டறிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கடல் கடந்து வந்த கருணை

1906-இல் பிறந்த கிறிஸ்டல் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி தம் 53-ஆம் வயதில் டெல்லியில் இருந்தார். சாலையோரத்தில் சாகக் கிடந்த ஒரு குதிரையின் காட்சி அவரை இந்நாட்டிலேயே தங்க வைத்தது. 1959-இல் டெல்லியில் ‘விலங்குகளின் நண்பன்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு காப்பகம் தொடங்கினார். 1980-இல், 74-ஆம் வயதில், ஜெய்ப்பூரில் ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ அறக்கட்டளையை நிறுவினார். 1991-இல், 85-ஆம் வயதில், பெங்களூரில் ‘கியூபா’ என்னும் விலங்குநல அமைப்பு தோன்ற முதற்காரணமானார். 1996-இல் மறைந்தார். மூன்று நகரங்களில் மூன்று நிறுவனங்கள். ஒவ்வொன்றையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குச் சென்ற வாழ்க்கை அவருடையது.

அயல்நாட்டில் அறம் தொடங்குவோர் பலர் தொடங்கியவர் காலத்தோடு அதனை முடித்துவிடுவர். தொடங்கியவரின் கைப்பொருளும் உடல்நலமும் தீர்ந்ததும் கதவு மூடப்படும். அதுவரை உண்டு பழகிய நாய்கள் முன்னிலும் மோசமான நிலைக்குத் தள்ளப்படும். ஜெய்ப்பூரில் அவ்வாறு நேரவில்லை. 1990 அளவில் ஆஸ்திரேலியரான கிறிஸ்டீன் டவுன்எண்ட் அப்பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில், 1994 நவம்பரில், தெருநாய்களுக்குக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செலுத்தும் திட்டம் தொடங்கியது. 2002 இறுதிக்குள் 24,986 நாய்களுக்கு அச்சிகிச்சை செய்யப்பட்டது. மருத்துவர் ஜாக் ரீஸும் எஸ்.கே. சாவ்லாவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, திட்டப் பகுதியிலிருந்த பெண் நாய்களுள் 65 விழுக்காடு சிகிச்சை பெற்றிருந்தன. நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. அப்பகுதியில் மனிதரின் வெறிநோய் இறப்பும் இல்லாதொழிந்தது. கொல்லாமலே குறைக்கலாம் என்பது கணக்கோடு நிறுவப்பட்டது.

இதில் அயல்நாட்டார் பங்கு எது, இந்நாட்டார் பங்கு எது என்பதையும் பிரித்தறிய வேண்டும். முதலீட்டையும் மருத்துவப் பயிற்சியையும் கணக்கு முறையையும் வெளிநாட்டார் கொணர்ந்தனர். நாயைப் பிடித்தவரும், புண்ணைக் கழுவியவரும், தெருவில் சினந்தோரிடம் பொறுமையாக விளக்கம் சொன்னவரும் உள்ளூர்ப் பணியாளரே. அவர்களுக்கு முறையான ஊதியமும் தாங்களே தடுப்பூசி போட்டுக்கொள்ளும் வசதியும் இல்லையெனில் எந்தக் காப்பகமும் ஓராண்டு நிலைக்காது.

சென்னை கண்ட வழி

ரோஜர்ஸ் டெல்லியில் தொடங்கிய அதே 1959-இல் சென்னையில் விமானியான கேப்டன் வி. சுந்தரமும், அவர்தம் துணைவியாரும் விமானியுமான உஷா சுந்தரமும் ‘ப்ளூ கிராஸ்’ அமைப்பைத் தொடங்கினர். மழைவெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டிற்குக் கொணர்ந்ததே அதன் தொடக்கம்.

சென்னை மாநகராட்சி 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாக ப்ளூ கிராஸின் பதிவுகள் கூறும். நூறாண்டுக்கு மேல் கொன்றும் தெருக்களில் நாய் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. ஓரிடத்து நாய்கள் அகற்றப்பட்டால் அங்குள்ள குப்பையும் எச்சிலும் வேற்றிடத்து நாய்களை அழைக்கும். புதியன வந்து சண்டையிட்டு, இனம் பெருக்கும். தடுப்பூசி பெற்ற பழைய நாய் இருந்த இடத்தில் பெறாத நாய் வந்து நிற்கும்.

சுந்தரத்தின் மைந்தர் சின்னி கிருஷ்ணாவும் அவர்தம் தோழர்களும் 1964 முதற்கொண்டு மாற்று வழியை வற்புறுத்தினர். விலங்குப் பிறப்புக் கட்டுப்பாடு என்பதன் ஆங்கிலப் பெயர் சுருங்கி ‘ஏபிசி’ ஆயிற்று. அரிச்சுவடிபோல் எளிது என்பது அப்பெயரின் குறிப்பு. மாநகராட்சி அதனை ஏற்கவோ 30 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1996-இல் சென்னையில் கொல்லும் முறை கைவிடப்பட்டது. 2001-இல் நடுவண் அரசு அதனை நாடு முழுமைக்கும் விதியாக்கியது. அவ்விதிகளுக்கு அடிப்படையான 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் தமிழகத்திற்கு உறவுடையது. மாநிலங்களவையில் அதற்கு முன்னோடியான மசோதாவைக் கொணர்ந்தவர் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது.

இன்று நடைமுறையிலுள்ளவை 2023-ஆம் ஆண்டின் விதிகள். நாயை வலையால் பிடித்தல், மயக்க மருந்து தந்து அறுவை செய்தல், வெறிநோய்த் தடுப்பூசி செலுத்துதல், அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு, புண் ஆறும்வரை பேணல், பின்னர்ப் பிடித்த இடத்திலேயே விடுதல் என்பன அதன் படிகள். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்கு மாற்றுமாறு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. சில நாட்களிலேயே மூன்று நீதிபதிகள் அமர்வு அதனைத் திருத்தி, வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் தவிர ஏனையவற்றைச் சிகிச்சைக்குப் பின் உரிய இடத்தில் விடலாம் என்றும், உணவிடுவதற்கு இடம் குறிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. வழக்கு அதனோடு முடியவில்லை; 1832-இன் வினாவுக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

அகிம்சை எழுப்பும் ஐயம்

சமணக் குடும்பங்களில் இத்திட்டத்தைப் பற்றி ஓர் ஐயம் உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஓர் உயிரின் உடலில் கத்தி வைப்பதும், அதன் இனப்பெருக்கத்தைத் தடுப்பதும் இம்சை ஆகாதா? உயிர்க்கு இடையூறு செய்யாமை அன்றோ முதல் விரதம்?

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்தில் செயலை மட்டும் நோக்குவதில்லை. செய்வோனிடம் விழிப்பின்மையும் தீய உணர்ச்சியும் கலந்துள்ளனவா என்பதையும் நோக்குகிறது. இல்லறத்தார்க்கு விலக்கப்படும் இம்சையைச் சான்றோர் நால்வகையாகப் பகுத்து, கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை முற்றாக நீக்கச் சொல்வர். ஏனையவற்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்வர். நோய் நீக்கக் கத்தி எடுக்கும் மருத்துவர் கொலைகாரர் ஆகார். மயக்க மருந்தும், தூய்மையும், பின்பேணலும் இன்றி விரைவுக்காகச் செய்யப்படும் அறுவையோ விழிப்பின்மையில் சேரும், அது இம்சையே. ஆகவே, சமண நோக்கில் கேட்கத்தக்கது எத்தனை நாய்களுக்கு அறுவை நடந்தது என்பதினும், ஒவ்வொரு நாயும் வலியின்றி நடத்தப்பட்டதா என்பதே.

மற்றொரு பக்கமும் உண்டு. ஒவ்வொரு நாளும் தெருவில் சோறிட்டுவிட்டுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முயலாதிருந்தால், அச்சோற்றால் பெருகும் குட்டிகளுள் பல பசியாலும் வண்டிச் சக்கரத்தாலும் மடிகின்றன. காப்பகம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான நாய்களை ஒரே சுற்றுச்சுவருக்குள் அடைத்துவிட்டால் தொற்றுநோயும் சண்டையும் அவற்றை அழிக்கின்றன. நல்லெண்ணத்தால் விளையும் இத்துன்பத்திற்கும் பொறுப்பு உண்டு. கண்ணில் படாத இம்சையை எண்ணிப் பார்ப்பதன்றோ சமணரின் தனிச்சிறப்பு? இரவுணவை விலக்கியோரும் நீரை வடிகட்டிப் பருகியோரும் அதனைச் சிந்திக்கத் தவறலாகாது.

கொடைக்கானலின் தனிநிலை

பெருநகர்க்குப் பொருந்தும் வழி மலைநகர்க்கு அப்படியே பொருந்துவதில்லை. 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மறைப்பணியாளர் வீடுகள் கட்டிக் குடியேறிய கொடைக்கானல், இன்று ஆண்டு முழுதும் சுற்றுலாப் பயணியர் வரும் ஊர். கோடையில் கூட்டமும் உணவுக் கழிவும் பெருகும், நாய்களும் பெருகும். கூட்டம் கலைந்ததும் உணவு குறைய, பசித்த நாய்கள் காட்டோரம் திரும்பும்.

அங்கோ, 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்துள்ளது. காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே உலவுகின்றன. செந்நாய்களும் கடமான்களும் வாழும் காடு அருகிலேயே உள்ளது. வீட்டுநாயிடமிருந்து வெறிநோயும் ‘டிஸ்டெம்பர்’ எனப்படும் தொற்றும் செந்நாய்க் கூட்டத்துக்குப் பரவக்கூடும். மான் குட்டிகளைத் துரத்துவதும் நடக்கும். எனவே மலையில் ஒரு தெருநாய்க்குத் தடுப்பூசி போடுவது அந்நாய்க்கும், அதன் அருகில் விளையாடும் குழந்தைக்கும், என்றும் கண்ணில் படாத செந்நாய்க்கும் ஒருசேரச் செய்யும் அபயதானமாகிறது.

வெளியூரார் இம்மலையில் வேரூன்றி அறம் செய்ததற்கு முன்மாதிரியும் உண்டு. வட்டக்கானலில் தங்கிய ஆங்கிலேயத் தம்பதியர் இருவர் சோலைக்காட்டு மரக்கன்றுகளை வளர்த்து, அதற்கென ஓர் அறக்கட்டளையே கண்டனர். உள்ளூர் மக்களைப் பயிற்றி உடன் சேர்த்துக்கொண்டதே அதன் வலிமை.

நான்கு தானங்கள்

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் எனத் தானம் நான்கு என்பர். தெருநாய்க்கென அறம் தொடங்குவோர்க்கு இந்நான்கும் திட்டவரைவாகவே அமையும்.

ஆகார தானம்: உணவிடுவது ஒழுங்கோடு நடக்க வேண்டும். குறித்த நேரம், குறித்த இடம், பள்ளி வாசலுக்கும் குழந்தைகள் விளையாடுமிடத்திற்கும் தொலைவு, உண்டபின் இடத்தைத் தூய்மை செய்தல் ஆகியவற்றைப் பேணினால் அண்டை வீட்டாரின் சினம் எழாது.

ஔடத தானம்: தடுப்பூசியே முதல் மருந்து. ஓர் ஊரின் நாய்களுள் 70 விழுக்காட்டிற்கு ஆண்டுதோறும் அது கிட்டினால் வெறிநோய்ச் சங்கிலி அறுபடும் என்பது மருத்துவர் கணிப்பு. மனிதர் கடிபட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவி, காலந்தாழ்த்தாது அரசு மருத்துவமனை செல்ல வேண்டும்.

அபய தானம்: காப்பகம் நோயுற்றவைக்கும் முடமானவைக்கும் உரியது. நலமாயுள்ள நாய்க்கு அதன் தெருவே இல்லம். அத்தெருவாரின் பொறுமையே அதற்கு அபயம்.

சாத்திர தானம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு நாயின் இயல்பைக் கற்பிப்பதும், கணக்கை ஊரார் முன் வைப்பதும் இதனுள் அடங்கும். முறையாகப் பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ வேண்டும். கருத்தடைத் திட்டம் நடத்த விலங்குநல வாரியத்தின் ஏற்பு வேண்டும். வெளிநாட்டில் வாழும் அயல்நாட்டார் நன்கொடை தர முன்வந்தால் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிய பதிவின்றி அதனைப் பெறலாகாது. நல்ல நோக்கத்தோடு தொடங்கும் அமைப்பும் தாள்களில் தவறினால் தடைப்பட்டு நிற்கும்.

நாய்க்கு வாக்குரிமை இல்லை. வழக்காடும் நாவும் இல்லை. அதன் பொருட்டுப் பேசுவோர் பம்பாயில் கடையடைத்தனர். சென்னையில் 30 ஆண்டு காத்திருந்தனர். ஒருவர் 85-ஆம் வயதிலும் புதிய ஊரில் பணி தொடங்கினார். மகாவீரர் திருநாளில் ஆலயத்திற்கு அளிக்கும் காணிக்கையோடு, ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தன் தெருவிலுள்ள நாய்களின் ஆண்டுத் தடுப்பூசிக்கென ஒரு சிறு முதலை வைக்குமாயின், சாந்திவீரக் குரவர் 505 காணத்தால் அயிரைமலையில் தொடங்கிய மரபு மேலும் ஓர் உயிரினத்தைத் தன் நிழலில் சேர்த்துக்கொள்ளும்.